சனிக்கிழமை முத்திரை

அந்தக் கார்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. ஓரம் பழுத்துப்போன சாதாரணப் போஸ்ட் கார்டு. ஒரு பக்கம் நெருக்கி எழுதிய ஏழெட்டு வரி, மறுபக்கம் எங்கள் விலாசமும் இரண்டு வட்ட முத்திரைகளும். ஒரு முத்திரை நாகப்பட்டினத்தில் வெள்ளிக்கிழமை குத்தியது. இன்னொன்று எங்கள் பகுதித் தபாலாபீசில் மறுநாள் சனிக்கிழமை குத்தியது. முத்திரையில் தேதிதான் இருக்கும், கிழமை இருக்காது. ஆனால் அந்தத் தேதிகளுக்கு என்ன கிழமை என்று எங்கள் வீட்டில் யாரும் காலண்டரைப் புரட்ட வேண்டியதில்லை. அடுத்த திங்கட்கிழமைதான் அக்காவுக்குக் கல்யாணம்.

தபால் இலாகாவின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாகப்பட்டினத்தில் பெட்டியில் போட்ட கார்டு ஒரே ராத்திரியில் ரயிலேறி ராயபுரம் வந்துவிட்டது. மூட்டை கட்டியவர்கள், பிரித்தவர்கள், முத்திரை குத்தியவர்கள் எல்லோரும் அவரவர் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறார்கள். கார்டு எங்கள் சந்துக்கே வந்துவிட்டது. சந்து முனையிலிருந்து எங்கள் வாசலுக்கு முப்பது அடி இருக்கும். அந்த முப்பது அடியைத் தாண்ட அதற்கு மூன்று நாள் ஆனது.

இப்போதெல்லாம் சொந்தக்காரர்கள் கூடுகிற இடத்தில் பேச்சு எப்படியாவது அங்கே போய்விடுகிறது. கூரியர்க்காரன் பொட்டலத்தைக் கேட்டுக்கு மேலே வீசிவிட்டுப் போனான், வங்கிக் கடிதம் வரவே இல்லை என்று ஒருவர் ஆரம்பிப்பார். உடனே இன்னொருவர், அந்தக் காலத்துத் தபால்காரர்கள் போல வருமா, வீட்டு மனுஷன் மாதிரி அல்லவா இருந்தார்கள் என்பார். எங்கள் சந்திலிருந்து வந்தவர்களாக இருந்தால் எங்கள் தபால்காரரின் பெயரையே சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். எனக்கு அப்படியே பற்றிக்கொண்டு வரும். எழுந்து வெளியே போய்விடுவேன். வயதாகி எனக்குப் பொறுமை போய்விட்டது என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். இந்த விஷயத்தில் எனக்குப் பத்தொன்பது வயதிலேயே பொறுமை போய்விட்டது.

அவர் நல்ல உயரம். இஸ்திரி போட்ட காக்கிச் சட்டை, எண்ணெய் போட்டுத் துடைத்த சைக்கிள். எங்கள் சந்தில் துறைமுகத்துக்கும் ரயில்வேக்கும் போகிற குடும்பங்கள்தான் அதிகம். பாதிப் பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கடிதம் கொண்டுவருகிறவரும் அவர், படித்துச் சொல்கிறவரும் அவர், பதில் எழுதித் தருகிறவரும் அவரே. எந்த வீட்டு மாப்பிள்ளை எந்த ஊரில் யாரோடு இருக்கிறான், எந்தப் பெண்ணை மாமியார் வீட்டில் அடிக்கிறார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். ஒரு வார்த்தை வெளியே விட மாட்டார். அதைப் பெரிய குணமாகச் சொல்வார்கள். அவருடைய பையில் ஒரு கடிதம்கூட இதுவரை தொலைந்ததில்லை என்பார்கள். அதுவும் உண்மைதான்.

அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. சாவுச் சேதியோ சீக்குச் சேதியோ கார்டில் வந்தால் உடனே நீட்ட மாட்டார். வாசலில் சைக்கிளை நிறுத்தி, சாப்பிட்டாச்சா என்று கேட்பார். இல்லை என்றால், சாப்பிடுங்க அப்புறம் வரேன் என்று போய்விட்டு, பிற்பகல் சுற்றில் வந்து கொடுப்பார். யாருக்கும் சந்தேகம் வரக் கூடாது என்று தினமும் எல்லா வீட்டிலும் அதையே கேட்டு வைப்பார். சாவு என்று தெரிந்துவிட்டால் வீட்டில் அடுப்பு எரியாது, குழந்தைகளின் வயிறு காயும் என்பது அவருடைய கரிசனம். கிறிஸ்துமஸ், ஈஸ்டர், கோயில் திருவிழா என்றால் மறுநாள்தான். "செத்தவன் எங்கியும் போயிட மாட்டான். இருக்கறவன் ஒரு வாய் துன்னட்டும்" என்பார். எங்கள் சந்தில் இதை வேதவாக்காகச் சொல்லித் திரிந்தார்கள். அடுத்தவர் விலாசம் எழுதிய கார்டைப் படித்துவிட்டு, அதை அவர்கள் எப்போது தெரிந்துகொள்ளலாம் என்று தீர்மானிக்க இந்த மனிதர் யார் என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும் அன்றைக்குத் தோன்றவில்லை. நானும் அவரை அண்ணே அண்ணே என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

இனி மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மாவின் ஒரே தம்பி. அவருக்கு நான்கு வயதாக இருக்கும்போது அவர்களுடைய தாய் போய்விட்டாள். பிறகு அவரை இடுப்பில் தூக்கி வளர்த்தது அம்மாதான். அம்மா கல்யாணமாகி ராயபுரம் வந்தாள். மாமா நாகப்பட்டினத்திலேயே விசைப்படகு எஞ்சின்களைப் பழுதுபார்க்கும் வேலையில் ஒட்டிக்கொண்டார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பிரியமான மனிதர், ஆனால் வருகிறேன் என்று சொன்னால் வர மாட்டார். கோயிலில் அக்கா முதல் நற்கருணை வாங்கிய புதுநன்மைக்கு வருகிறேன் என்றார், படகு ரிப்பேர் என்று வரவில்லை. மேற்றிராணியார் வந்து எனக்கு உறுதிபூசுதல் கொடுத்தபோதும் அதே கதைதான். அக்கா கல்யாணத்துக்கு மட்டும் மாதா மேல் சத்தியம் செய்து கடிதம் போட்டிருந்தார். கல்யாணப் பெண்ணுக்கு முதல் மாலை தாய்மாமன் கையால்தான் போட வேண்டும் என்பது எங்கள் பக்கத்து முறை. சனிக்கிழமையே வந்துவிடுவதாக எழுதியிருந்தார். அதை அம்மா என்னிடம் மூன்று தரம் படிக்கச் சொல்லிக் கேட்டாள்.

சனிக்கிழமை காலையிலிருந்து அம்மா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். தெருவை அடைத்துப் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். தபால்காரர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பந்தல் காலுக்கு நடுவில் வந்தார். மாமாவிடமிருந்து ஏதாவது உண்டா என்று அம்மா கேட்டாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். "ஒண்ணுமில்லம்மா, வந்துடுவாரு, நீ வேலைய பாரு" என்றார். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. அந்தக் கார்டு அப்போது அவருடைய பையில் இருந்தது. அவர் அதைப் படித்திருந்தார். அதில் என்ன எழுதியிருந்தது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். தங்கள் தம்பிக்கு மஞ்சள் காமாலை முற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது, டாக்டர்கள் நம்பிக்கை சொல்லவில்லை, தங்களைப் பார்க்க வேண்டும் என்றே கேட்டுக்கொண்டிருக்கிறான், இதைத் தந்தி போல் பாவித்து உடனே புறப்பட்டு வரவும். எழுதியவர் மாமா வேலை செய்த படகின் சொந்தக்காரர். செத்தவன் எங்கேயும் போக மாட்டான், சரி. என் மாமா அன்றைக்குச் சாகவில்லையே.

திங்கட்கிழமை காலைப் பூசைக்கு முன்னால் அக்காவுக்கு முதல் மாலையை அப்பாவின் ஒன்றுவிட்ட மைத்துனர் ஒருவர் போட்டார். அவர் முன்னே பின்னே எங்கள் வீட்டுக்கு வந்தவரே இல்லை. மாப்பிள்ளை வீட்டார் திருவொற்றியூர்க்காரர்கள், சும்மா இருப்பார்களா, அவர்களுக்குள் முணுமுணுத்தார்கள். அம்மாவின் முகம் காலையிலேயே கறுத்துவிட்டது. மத்தியானப் பந்தியில் அம்மா குழம்பு வாளியோடு வரிசையில் வந்துகொண்டிருந்தபோது, மாப்பிள்ளையின் அத்தை வேண்டுமென்றே சத்தமாகக் கேட்டாள், பொண்ணுக்குத் தாய்மாமன் கீறாரா இல்லியா என்று. அம்மா வாளியைக் கீழே வைத்தாள். "இருந்தான். இன்னிக்கு செத்துட்டான். அவன தலைமுழுகிட்டேன், எனக்குத் தம்பியே கெடையாது" என்றாள். பந்தி முழுக்கக் கேட்டது. அதே வரிசையில் நான்கு இலை தள்ளிக் காக்கிச் சட்டையோடு தபால்காரர் உட்கார்ந்திருந்தார். காலைச் சுற்றை முடித்துவிட்டு நேரே வந்திருந்தார். அவர் இலையில் நான்தான் கறி வைத்தேன். முழுக்கச் சாப்பிட்டுவிட்டு, அப்பாவிடம் கை குலுக்கி, அக்காவுக்கு ஆசீர்வாதம் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஒரு மணிக்கு வந்தார். சாப்பிட்டாச்சா என்றார். ஆச்சு என்றேன். அப்புறம்தான் பையிலிருந்து எடுத்து அப்பா கையில் கொடுத்தார். அப்பா படித்ததும் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாள். நான் கார்டை வாங்கித் திருப்பினேன். டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவளுக்கு, கடிதம் என்றால் முதலில் தேதியைப் பார்க்கிற பழக்கம் வந்திருந்தது. முத்திரை சனிக்கிழமைத் தேதி காட்டியது. இது சனிக்கிழமையே வந்திருக்கிறதே என்றேன். அவர் மறைக்கவில்லை. "கல்யாண வூட்ல இத்த எப்டிம்மா குடுக்கறது" என்றார். பந்தல் பிரிக்க வந்திருந்தவர்களும் பக்கத்து வீட்டுக்காரர்களும் தலையை ஆட்டினார்கள். ஒரு கிழவர், நல்ல மனசுய்யா உனக்கு என்று அவர் தோளைத் தட்டிக் கொடுத்தார்.

அன்றைக்கு ராத்திரி ரயிலில் அப்பாவும் அம்மாவும் புறப்பட்டு புதன்கிழமை காலையில் போய்ச் சேர்ந்தார்கள். மாமா செவ்வாய்க்கிழமை பகல் பதினோரு மணிக்கே போய்விட்டார். சொந்தம் என்று யாரும் வராததால் அன்று சாயங்காலமே அடக்கம் செய்துவிட்டார்கள். கல்லறைத் தோட்டத்தில் ஈரம் காயாத மண்ணைத்தான் அம்மா பார்த்தாள். ஏன் தந்தி கொடுக்கவில்லை என்று அப்பா கேட்டதற்குப் படகுக்காரர் சொன்னாராம், நான் தந்திதான் கொடுக்கப் போனேன், அவன்தான் விடவில்லை, கல்யாண வீட்டுக்குத் தந்தி போனால் எல்லோரும் அலறிவிடுவார்கள், கார்டே போதும், நாளைக்கே அக்கா கைக்குப் போய்விடும் என்றான் என்று. சனிக்கிழமை கிடைத்திருக்கும், ஞாயிற்றுக்கிழமை வந்துவிடுவாள் என்று மாமா விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாராம். ஞாயிறு போய்த் திங்களும் போனபின் எண்ணுவதை நிறுத்திவிட்டார். கடிதம் வழியில் தவறியிருக்கும் என்று ஒருவராவது சொல்லியிருந்தால் மாமா நிம்மதியாகக் கண்ணை மூடியிருப்பார். யாரும் சொல்லவில்லை. தபால் தவறாது என்று எல்லோருக்கும் அவ்வளவு நம்பிக்கை. கார்டு கிடைத்தும் தன் அக்கா வரவில்லை என்றுதான் மாமா நினைத்துப் போனார்.

நான் சும்மா விடவில்லை. இன்ஸ்டிடியூட் மிஷினிலேயே தபால்காரர் மேல் ஒரு பக்கம் புகார் அடித்து மேலதிகாரிக்கு அனுப்பினேன். ஒரு இன்ஸ்பெக்டர் வந்தார். சந்தே திரண்டு வந்து அந்த மனிதர் தங்கம் என்று சாட்சி சொன்னது. கார்டு தாமதமாகக் கிடைத்ததா என்று இன்ஸ்பெக்டர் அம்மாவிடம் கேட்டபோது, கொடுத்தார் என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். எனக்கு அன்று அம்மாவின் மேல் கோபம் கோபமாக வந்தது. மேலே மேலே கேட்டால் பந்தியில் தான் சொன்ன வார்த்தை வெளியே வரும் என்று அவள் பயந்தது பிற்பாடுதான் புரிந்தது. இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. தங்கள் புகார் விசாரிக்கப்பட்டது, மேற்படி கார்டு உரியவரிடம் பட்டுவாடா செய்யப்பட்டுள்ளது. அந்தப் பதிலைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தவர் அவரேதான். முத்திரை பார்த்தேன், அன்றைய தேதி. என் கடிதம் மட்டும் ஒரு நாள்கூடத் தங்கவில்லை.

போகலாமா வேண்டாமா என்று அந்தச் சனிக்கிழமை அம்மா என்ன முடிவு செய்திருப்பாள் என்று எனக்குத் தெரியாது. ஒருவேளை மகள் கல்யாணம்தான் பெரிது என்று இருந்திருப்பாள். ஒருவேளை அப்பாவிடம் பொறுப்பை விட்டுவிட்டு ரயிலேறியிருப்பாள். "போவணுமா வாணாமான்னு நான் பாத்துக்கினு இருந்திருப்பேன். எனக்காவ முடிவு பண்றதுக்கு இவன் யாரு" என்று ஒருமுறை சொன்னாள். அவ்வளவுதான் கேட்கிறேன் நானும். ஆனால் அவளை அரித்தது அதுகூட இல்லை. சாகக் கிடந்த தம்பியைச் செத்துட்டான் என்று தன் வாயால் சொன்னதுதான். மாதாமாதம் கோயில் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனத்தில் அதையே சொன்னாள். ஒரு தடவை மன்னித்தால் மன்னித்ததுதான், திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை என்று சாமியார் எடுத்துச் சொல்லிப் பார்த்தார். சாமியார் மாறினார், அடுத்தவரிடமும் அம்மா முதலிலிருந்து ஆரம்பித்தாள். எங்கள் தபால்காரர் ஒரு நாளும் அதற்காக முழந்தாளிட்டிருக்க மாட்டார் என்று எனக்கு நிச்சயம்.

பத்து வருஷம் இப்படியே போனது. அப்பா இல்லை. தபால்காரர் ஓய்வு பெற்றுப் புளியந்தோப்பில் மகளோடு ஹவுசிங் போர்டு வீட்டுக்குப் போய்விட்டார். எனக்கு ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீசில் டைப்பிஸ்ட் வேலை. அம்மாவுக்கு நெஞ்சு வலி ஆரம்பித்திருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசையிலிருந்து திரும்பி வந்ததும், நீ போய் அந்தத் தபால்காரனிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டு வா என்றாள். "சனிக்கெழம குடுத்தா கல்யாணம் கெட்டுடும்னு குடுக்கல, சரி. திங்கக்கெழம பந்தி முடிஞ்சப்புறம் இன்னாத்துக்கு குடுக்கல? அன்னிக்கு ராத்திரி வண்டி இருந்துச்சே. செவ்வாக்கெழம காலீல நான் என் தம்பி மூஞ்சிய பாத்திருப்பேனே." பத்து வருஷமாக அவள் உள்ளுக்குள் வைத்துப் புரட்டிக்கொண்டிருந்த கேள்வி அது. எனக்கு அது தோன்றவே இல்லை. நான் சனிக்கிழமை முத்திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன்.

புளியந்தோப்புக்கு ஒரே பஸ்தான். கண்ணில் புரை விழுந்து கட்டிலில் உட்கார்ந்திருந்தார். குரலை வைத்தே என்னைக் கண்டுபிடித்து, வாம்மா, சாப்பிட்டியா என்றார். உட்காரவில்லை, நின்றபடியே அம்மாவின் கேள்வியைச் சொன்னேன். முழங்காலைத் தடவிக்கொண்டார். பிறகு சொன்னார்.

"குடுக்கத்தாம்மா வந்தேன். சட்டப் பாக்கெட்ல வெச்சிக்கினுதான் பந்தில குந்தினேன். சாப்ட்டு எழுந்ததும் உங்க அப்பாவ ஓரமா கூப்ட்டு குடுத்துடலாம்னு இருந்தேன். அதுக்குள்ள உங்கம்மா அந்த வார்த்தைய சொல்லிச்சு. அப்டி சொன்ன வாயி மூடலே, அதுகிட்ட இத்த எப்டி குடுப்பேன்? மாரு வெடிச்சு செத்துடும்னு பயந்துட்டேன். ஒரு ராத்திரி போவட்டும்னு எடுத்துக்கினு போய்ட்டேன்."

இதைச் சொல்லிவிட்டு அவர் அழுதார். எனக்கு இரக்கம் வரவில்லை. அந்தக் கார்டு உங்கள் பெயருக்கா வந்தது என்று கேட்டேன். அவருடைய மகள் கொண்டுவந்த காப்பியைத் தொடாமல் இறங்கி வந்துவிட்டேன்.

பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் அவர் சொன்னது எனக்கு முழுதாக உறைத்தது. அம்மா அந்த நேரத்தில் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் கார்டு அன்று மாலையே கைக்கு வந்திருக்கும். அவள் தம்பியின் முகத்தைப் பார்த்திருப்பாள், மாமாவும் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் போயிருப்பார். இதைத்தான் தபால்காரர் என்னிடம் கொடுத்து அனுப்பியிருந்தார். நெஞ்சு வலிக்காரியிடம், பத்து வருஷமாக ஒரே வார்த்தைக்காக முழந்தாளிட்டவளிடம், உன் வார்த்தையால்தான் என்று போய்ச் சொல்ல வேண்டும். அவளுடைய கேள்வி, அவளுக்கு வந்த பதில். நடுவில் நான் யார்?

அம்மா முறத்தில் நெத்திலியைக் கொட்டி ஆய்ந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையை நிறுத்தினாள். இன்னா சொன்னான் என்றாள். "மறந்துட்டாராம்மா. கல்யாண சந்தடில மறந்தே போச்சுன்னாரு" என்றேன். என் குரல் கொஞ்சமும் பிசகவில்லை. அன்றைக்குச் சனிக்கிழமை பந்தல் காலுக்கு நடுவில் நின்று ஒண்ணுமில்லம்மா என்று சொன்னவரின் குரலும் பிசகவில்லை. அம்மா மறுபடி இரண்டு மூன்று நெத்திலியை எடுத்து ஆய்ந்தாள். பிறகு, மறந்துட்டானா என்றாள். நாசமாய்ப் போகிறவன், மறந்துட்டானா என்று மறுபடியும் சொன்னாள். அந்த மாதம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனவள் சீக்கிரம் வெளியே வந்துவிட்டாள். அதற்கப்புறம் தம்பியைப் பற்றிய பேச்சு வந்தால் அழுவதில்லை, தபால்காரரைத் திட்டுவாள். திட்டித் தீர்த்துவிட்டு நன்றாகத் தூங்குவாள். செய்யாத குற்றத்துக்கு அவர் திட்டு வாங்குகிறாரே என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. செய்ததற்கு அவர் எதுவும் வாங்கவில்லையே.

மூன்று நாள் ஒரு சேதியை அடக்கி வைத்ததற்காகத்தான் அந்த மனிதரை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. நான் நான்கு வருஷம் அடக்கி வைத்தேன். கடைசி வாரம் ஆஸ்பத்திரியில் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, மறந்துட்டேன்னுதானே சொன்னான் என்று திரும்பவும் கேட்டாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஆமாம்மா என்றேன். பாவி என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.